சீறா விருத்தமும் சிற்றரங்கும்

கச்சேரிகளில் தமிழ்ப்பாடல்கள் மிகுதியாக ஒலிக்க வேண்டுமென 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய தமிழிசை மாநாடு கோரியது. நேரிய கோரிக்கையே. ஆயின் அத்தமிழில் நம் பங்கு யாது?

நம் மாவட்டத்து எட்டயபுரத்தில் முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் மறைந்தார். சீறா பாடிய உமறுப்புலவர் அடங்கியிருப்பதும் அவ்வூரிலேயே. முன்னவர் கிருதிகள் சீடர் வழியே இராகத்தோடு வாழ்கின்றன. சீறாவோ நம் வீடுகளில் அச்சேடாக உறங்குகிறது.

விருத்தமென்பது தாளக்கட்டின்றிச் சொற்பொருளின் வழியே இராகத்தை விரிப்பது. ஒலிபெருக்கி வேண்டாத பல்கலைக்கழகச் சிற்றரங்கில் அதன் ஒவ்வொரு சொல்லும் செவியில் விழும். 5,000க்கும் மேற்பட்ட விருத்தங்களுடைய சீறாவுக்கு இதனினும் ஏற்ற மேடை ஏது?

இசை பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் செவியுறுதலுக்கெனத் தனிப்பகுதி வகுத்து, கேட்போர் உள்ளத்தையும் பாடற்பொருளையும் கருதியே ஆராய்ந்தார்கள். விருத்தத்துக்குக் கருவியும் கட்டாயமன்று.

நாகசுர மேதை ஷேக் சின்ன மௌலானா 1998இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். வாயில் அடைபடவில்லை, நாம்தாம் நுழையவில்லை. சீறா ஓதும் முதியவரின் இராகம் அவரோடு மண்ணுள் மறையுமுன், இளையோர் அருகமர்ந்து பயில்வார்களாக!