அக்பர் தர்பாரில் தமிழ்ப் பாட்டு

இசைக்கு மொழி இல்லையென்றும், ஆகையால் ஹிந்திச் சரித்திரக் காதற்படமொன்றின் பாடல்களைப் பொருள் விளங்கினாலும் விளங்காவிட்டாலும் ஹிந்தியிலேயே கேட்பதுதான் உயர்ந்த ரசனையென்றும், அவற்றின் தமிழ் வடிவமோ வியாபாரத்துக்காக அவசரத்தில் அடைத்த சொற்குவியலென்றும் ஓர் அபிப்பிராயம் நம் படித்த வகுப்பாரிடையே நாகரிகமாக உலவி வருகிறது. 2008ஆம் ஆண்டு வெளிவந்த 'ஜோதா அக்பர்' படப் பாடல்களைப் பற்றிப் பேச்செழும்போது, இங்கே லாஸ்பேட்டையில், தாகூர் கலைக் கல்லூரி மாணவர்களும், அவர்களுக்குத் தாத்தா முறையாகக்கூடிய ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர்களும் வேறெதிலும் ஒத்துப்போகாவிட்டாலும், இந்த ஒன்றில் மட்டும் ஏகமனதாக நிற்பதைக் காண்கிறேன். பக்கத்திலேயே இருக்கும் கருவடிக்குப்பத்தில், அந்நிய மெட்டுகளுக்குத் தமிழ்ச் சாகித்தியம் செய்வதை ஒரு கலையாகவே நிலைநாட்டிய தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் சமாதி கொண்டிருக்கிறார் என்பதை நினைக்குந்தோறும், இந்த ஏகமனதுக்குப் பின்னாலிருக்கும் மறதி எத்தனை பெரிதென்று புலப்படுகிறது.

சுவாமிகளின் காலம் 1867 முதல் 1922 வரை. பார்சி நாடகக் கம்பெனிகள் தெற்கே வந்து ஹார்மோனியத்தையும் இந்துஸ்தானி மெட்டுகளையும் விட்டுச் சென்ற அந்நாளில், அவர் வெண்பாவும் விருத்தமும் எழுதிய அதே கையால் அம்மெட்டுகளுக்கும் தமிழ் எழுதினார். அவர் நாடகங்களில் வள்ளியும் கோவலனும் அவற்றைப் பாடியபோது, ராகம் எங்கிருந்து வந்ததென்று கொட்டகையில் யாரும் விசாரித்ததில்லை. பேசும்படம் வந்தபின், 1937-இல் பாகவதர் நடித்த 'அம்பிகாபதி'யில் பாபநாசம் சிவன் சரித்திரக் காதலுக்குக் கர்நாடக இசையின் கம்பீரத்தை அளித்தார் என்பதும், தமிழிசை இயக்கம் வலுப்பெற்ற நாற்பதுகளிலேயே ஹிந்தி மெட்டுகளைக் கூசாமல் கவர்ந்துகொள்ளும் வழக்கமும் நம் ஸ்டூடியோக்களில் தழைத்தது என்பதும் வாசகர் அறிந்தவையே. அவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆனால் கொடுக்கல் வாங்கல் ஒருவழிப் பாதையாக இருந்ததென்று எண்ணிவிடக் கூடாது. 1953-இல் ஹிந்தி 'அனார்கலி'க்கு இசையமைத்து, இன்னும் பிரெஞ்சுக் கொடி இறங்காதிருந்த நம் புதுச்சேரிவரை வானொலி வழியே எட்டக்கூடிய கீர்த்தி பெற்ற ஸி. ராமச்சந்திரா, தனித்து இசையமைக்கத் தொடங்கியதே 'ஜெயக்கொடி', 'வனமோகினி' என்ற தமிழ்ப் படங்களில்தான். அவரே 1958-இல் வாசனின் 'வஞ்சிக்கோட்டை வாலிப'னுக்கு வந்து, பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டியிட்டு ஆடும் அந்த அமர நடனத்துக்கு, கொத்தமங்கலம் சுப்புவின் சொற்களை வைத்து, லீலாவையும் ஜிக்கியையும் பாடவைத்தார். இடையே 1955-இல் அஞ்சலி பிக்சர்ஸின் 'அனார்கலி' தெலுங்கிலும் தமிழிலும் வந்தது. அதற்கு ஆதிநாராயணராவ் அமைத்த மெட்டுகளுள் வடக்கைப் பார்த்து எழுதியதும் உண்டு, இங்கேயே ஊறியெழுந்தவையும் உண்டு. ஜிக்கியின் குரலில் அனார்கலி பாடியதைக் கேட்டவர்கள், முகலாய அரண்மனைக்குள் ஒரு தென்னாட்டுப் பெண் எப்படி நுழைந்தாளென்று வியந்ததாகத் தெரியவில்லை. அவள் அங்கேயே பிறந்தவளென்று நம்பினார்கள்.

இவ்விடத்தில் நம் விமர்சகர்கள் மறந்துபோன ஒரு மனிதருக்கு வருகிறேன். திண்டிவனத்தை அடுத்த உலகாபுரத்தில் 1916-இல் பிறந்து 1973-இல் மறைந்த கம்பதாசன், கவிஞர் என்ற முறையில் ஏதோ சிறிது நினைக்கப்படுகிறார். அதுவும் அவருடைய கவிதைகளையும் திரைப்பாடல்களையும் பாடுபட்டுத் திரட்டிய சிலோன் விஜயேந்திரனின் உபகாரத்தால். ஆனால் 'டப்பிங் பாட்டு எழுதியவர்' என்று சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது. ஒரு கவிஞன் பசிக்காகச் செய்த பாவமென்று அதை மன்னித்துவிடுகிற பாவனை தலைகாட்டுகிறது. நானோ, அவர் செய்த காரியங்களுள் மிகக் கடினமானதும், அவருடைய செவியின் நுட்பம் முழுதும் வெளிப்பட்டதும் அதுவேயென்று கருதுகிறேன்.

அந்தக் காரியத்தின் கஷ்டம் இன்னதென்று அறியாமல் அதை இகழ்வது எளிது. ஹிந்தி, உருதுப் பாடல்களில் வரிகள் பெரும்பாலும் ஆ, ஈ, ஏ, ஓ என்று வாய் திறந்த நெடிலில் முடிகின்றன. பாடகர் அந்த நெடிலைப் பிடித்துக்கொண்டு ஸ்வரத்தை எவ்வளவு தூரமும் நீட்டலாம். தமிழ்ச் சொற்களோ மிகுதியும் மெய்யிலோ குற்றியலுகரத்திலோ முடிந்து, நீட்ட வந்த குரலை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. குறிலும் நெடிலும் மெட்டின் அளவோடு ஒத்திருக்க வேண்டும். வல்லொற்று தாளத்தின் அடியில் விழ வேண்டும். இவ்வளவும் போதாதென்று, திரையில் நடிகையின் முகம் நெருக்கத்தில் காட்டப்படுகையில் அவள் உதடு மூடும் இடத்தில் பகரமோ மகரமோ வர வேண்டும். பொருளைக் காப்பது இத்தனைக்கும் பிறகு. திருப்புகழின் சந்தத்திலும் காவடிச்சிந்தின் நடையிலும் பழகிய செவியல்லாது வேறொன்றாலும் இதைச் சாதிக்க முடியாது; கம்பதாசனுக்கு அந்தச் செவி இருந்தது.

நௌஷாத் இசையமைத்த 'உடன் கடோலா' 1956-இல் 'வானரத'மாகத் தமிழில் வந்தபோது, லதா மங்கேஷ்கரே தமிழில் பாடினார். அவர் நாவில் நின்ற சொற்கள் கம்பதாசனுடையவை. தமிழறியாத ஒரு பாடகியின் உச்சரிப்புக்கு இடறாத எழுத்துகளைத் தேர்ந்து, அதே சமயம் தமிழ்க் காதுக்கு அந்நியமாகாமல் எழுதுவதென்பது கவிஞருக்கு மேலும் ஒரு விலங்கு. அதையும் அணிந்துகொண்டு அவர் நடந்தார். விலங்கின் ஓசை கேட்கவில்லை.

பிறகு 'முகலே ஆஸம்'. கே. ஆசிஃப் பல்லாண்டு உழைத்து 1960 ஆகஸ்டில் வெளியிட்ட அப்படத்தில், தான்சேனுக்குக் குரல் கொடுத்தவர் படே குலாம் அலி கான். அவர் பாடிய ஸோஹனியை நம் ஹம்ஸாநந்திக்கு உறவாக அறிந்துகொள்ளும் எந்தத் தமிழ் ரசிகனுக்கும் அங்கே சொல் தேவைப்படுவதில்லை; இதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தடையில்லை. ஆனால் அனார்கலி பாடுவது ஆலாபனையன்று. சக்கரவர்த்தியின் முன்னே, கண்ணாடி மாளிகையில், ஒரு நடனப்பெண் துணிந்து பேசுகிற பேச்சு அது. ஷகீல் பதாயூனி அதைப் பேச்சாகவே எழுதினார். பேச்சு விளங்காவிட்டால், ஆயிரம் கண்ணாடிகளில் தெரியும் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டு இனிய ஓசை ஒன்றைக் கேட்டதாகுமே தவிர, அந்தப் பெண்ணின் துணிவை உணர்ந்ததாகாது. 1961-இல் அதன் தமிழ் வடிவமான 'அக்பர்' வந்தபோது, கம்பதாசன் எழுதி பி. சுசீலா பாடிய சிறைப் பாடலைக் கவனியுங்கள். ஹிந்தியில் ஏகாரத்தில் நின்று அழும் வரியைத் தமிழிலும் ஏகாரத்திலேயே நிறுத்த வேண்டியிருந்தது. இலக்கண நூல் வினை எதையும் தேடாமல், வீட்டுத் திண்ணையில் பெண்கள் துக்கம் சொல்லும்போது வருகிற 'ஆச்சே' என்ற சொல்லை அவர் எடுத்து வைத்தார். உதடும் பொருந்திற்று, ஸ்வரமும் நீண்டது, அனார்கலியின் துயரம் நம் தெருவுக்கு வந்தது. லதாவின் பாடலில் ஒரு மகா காவியத்தின் சோகம் இருக்கிறது. சுசீலாவின் பாடலில் நமக்குத் தெரிந்த ஒருத்தியின் சோகம் இருக்கிறது. எனக்கு இரண்டும் வேண்டும்; ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால், பின்னதையே வைத்துக்கொள்வேன்.

படம் தமிழில் ஓடவில்லை. ஓடாத படத்தின் பாட்டு ஊமையாகிவிடுவது சினிமாவின் நியதி. பின்னர் 1969-இல் 'ஆராதனா' வந்து, சென்னையில் ஹிந்தியிலேயே நெடுநாள் ஓடியது. கிஷோர் குமாரின் குரலை மொழி தெரியாமலே முணுமுணுத்த அந்தத் தலைமுறைதான், தன் இளமைக்கால இன்பத்தை ஒரு சித்தாந்தமாக உயர்த்தி, 'மூலத்தையே கேட்க வேண்டும்' என்ற விதியை நமக்கு வகுத்துக் கொடுத்தது. இதற்கு மாறாக, 1992-இல் 'ரோஜா' வெளிவந்து, வைரமுத்துவின் பாடல்கள் பி.கே. மிஸ்ராவின் கையால் ஹிந்திக்குச் சென்றபோது, வடநாட்டார் அந்த ஹிந்தி வடிவத்தைத்தான் கேட்டார்கள். தமிழை விளங்காமல் கேட்பதே ரசனையென்று அவர்களுள் யாரும் நம் ரசிகர்களைப்போல் தவம் கிடக்கவில்லை. அடக்கமும் தாழ்வுணர்ச்சியும் வெளித்தோற்றத்தில் ஒன்றாகவே இருப்பவை. எது எதுவென்று பிரித்தறிவது விமர்சகனின் கடமை.

இனி 'ஜோதா அக்பர்'. ஏ.ஆர். ரஹ்மானின் மெட்டுகளுக்கு ஜாவேத் அக்தர் எழுதிய ஹிந்தி அழகானது என்பதில் விவாதமில்லை. ஹிந்தியில் காஷிஃப் எழுதிய, க்வாஜாவைத் துதிக்கும் பாடலை ரஹ்மானே இரு மொழிகளிலும் பாடியிருக்கிறார். அங்கே பக்தி மேலோங்கி நிற்பதால், மொழி மாறியது பெரிதாகத் தெரிவதில்லை. ஷாஹென்ஷாவை வாழ்த்தும் பேரொலியில், தமிழ்ச் சொல் முரசுகளுக்கிடையே நசுங்கிப்போகிறது. இதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அருகிலிருந்தும் எட்டாதிருக்கும் மனைவியை நினைத்து மன்னன் உருகும் பாடல்? ஹிந்தியில் அது வசந்த விழாவைக் கண்டு காதலே திகைத்து நிற்கும் காட்சியாகத் தொடங்குகிறது. தமிழில் எழுதிய நா. முத்துக்குமார் அந்த வசந்தத்தைப் பெயர்த்துக்கொண்டு வர முயலவேயில்லை. தலைவியின் முகமும் மணமும் விழியும் என்று நம் பழைய வருணனை முறையில் தொடங்கி, பிறகே விலக்கத்தின் வேதனைக்கு வருகிறார். மெய்யில் முடியும் தமிழ்ச் சொல் மெட்டுக்கு ஆகாது என்ற குற்றச்சாட்டுக்கும் அங்கேயே விடை இருக்கிறது: பல்லவியின் வரிகளை மகர ஒற்றில் முடித்து, அந்த மெய்யின் முரற்சியிலேயே ஸ்ரீநிவாஸின் குரல் ஓயும்படி செய்துவிட்டார். நெடிலைக் கொண்டு கம்பதாசன் சாதித்ததை இவர் ஒற்றைக் கொண்டு சாதித்தார். 'முழுமதி' என்ற பெயரில் அப்பாடல் தனியே வாழ்ந்துகொண்டிருக்கிறது. அது மொழிபெயர்ப்பென்று அறியாமலே அதைப் பாடுகிறவர்கள் ஏராளம்.

சங்கரதாஸ் சுவாமிகளிடம் தொடங்கி, கம்பதாசனிடம் முதிர்ந்து, 2016-இல் நாற்பத்தோராம் வயதில் நம்மைவிட்டுப் போன முத்துக்குமாரிடம் தொடர்ந்த இந்தக் கலை, தமிழ்க் கவிதையின் ஒரு கிளையே. பிறந்தது மெட்டுக்குள் என்பதற்காக அதைக் குலத்திலிருந்து தள்ளிவைப்பது நியாயமாகாது. ஆகவே புதுச்சேரியிலும் தமிழகத்திலும் உள்ள தமிழ்த்துறையினருக்கு என் விண்ணப்பம் இரண்டு. கம்பதாசனின் மெட்டுப் பாடல்களை மூலப் பாடல்களோடு பக்கத்தில் பக்கமாக அச்சிட்டு, சந்தத்தை ஆராய்ந்து ஒரு பதிப்பு கொண்டுவாருங்கள். வானொலியிலோ இணையத்திலோ தமிழ் வடிவப் பாடல் ஒன்றை ஒலிபரப்புகிறவர்கள், இசையமைத்தவர் பெயரோடும் பாடியவர் பெயரோடும் நின்றுவிடாமல், அதைத் தமிழில் எழுதியவர் பெயரையும் சொல்லுங்கள்.