பதினோரு மாதத் தோட்டக்காரன்

காரெல் சாப்பெக்கின் 'தோட்டக்காரனின் ஆண்டு' 12 மாதங்களைப் பற்றிய புத்தகம். என் வீட்டு வாடகை ஒப்பந்தம் 11 மாதம். இந்த ஒரு மாத வித்தியாசம்தான் என்னை இதை எழுத வைத்தது.

சாப்பெக் செக் எழுத்தாளர். என்னைப் போன்ற ஐடி ஆட்களுக்கு அவர் வேறு வழியில் அறிமுகம். 'ரோபோ' என்ற சொல் 1920இல் அவர் எழுதிய 'ஆர்.யு.ஆர்.' நாடகத்தின் வழியாகத்தான் உலகத்துக்கு வந்தது. சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன், ஓவியர் யோசெஃப். செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் கட்டாய உழைப்பு. நம் சோழர் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி'க்குப் பக்கத்துச் சொல். அதே அண்ணன் படம் வரைய, அதே தம்பி 1929இல் எழுதியதுதான் இந்தத் தோட்டப் புத்தகம். பிராக் நகரின் வினோஹ்ராடி பகுதியில் இருவருக்கும் ஒட்டினாற்போல வீடு, சின்னத் தோட்டம்.

இதை நகைச்சுவை நூல் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். தப்பில்லை. தண்ணீர்க் குழாய் ஒரு முரட்டு மிருகமாக நெளிந்து ஆளையே நனைக்கிறது. தோட்டக்காரனைப் பார்க்கப் போனால் முகம் தெரியாது, குனிந்த முதுகும் அதற்குக் கீழே உள்ளதும்தான் தெரியும். மழை வேண்டி அவன் செய்யும் பிரார்த்தனையில், எப்போது எவ்வளவு பெய்ய வேண்டும், எந்தெந்தச் செடிமேல் விழக் கூடாது என்று விதிவிலக்குகள் நீண்டுகொண்டே போகும். க்ளையண்ட் அனுப்பும் ரிக்வயர்மெண்ட் டாக்குமெண்ட் மாதிரியே இருக்கும். ஆனால் எனக்கு இது உழைப்பைப் பற்றிய புத்தகம். நாடகத்தில் மனிதன் தன் வேலை முழுவதையும் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு மலடாகிப் போகிறான். தோட்டத்தில் அதே எழுத்தாளர், யாரும் கேட்காத வேலையை இடுப்பு ஒடியச் செய்கிற ஒருவனைக் காட்டுகிறார், அதுவும் சிரித்துக்கொண்டே. ஒன்றைப் படிக்காமல் மற்றதைப் படித்தால் பாதிதான் கிடைக்கும்.

நூலின் சிறந்த பகுதி மண்ணைப் பற்றியது. தோட்டக்காரனுக்குப் பூவைவிட மண்ணில்தான் கண் என்கிறார் சாப்பெக். சாலையில் குதிரைச் சாணத்தைக் கண்டால், அக்கம்பக்கத்தார் பார்க்கிறார்களே என்ற கூச்சம் மட்டும் இல்லையென்றால், அள்ளிக்கொண்டு ஓடிவிடுவான். இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஆபீஸ் கேன்டீனில் முட்டை ஓடு கேட்டு வாங்கி டப்பாவில் வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான். முதல் வருஷம் மாடியில் என் பைகளில் இருந்த மண், வெயில் பட்டால் செங்கல். தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம், வெங்காயத் தோல், காய்ந்த வேப்பிலை என்று போட்டுப் போட்டு மூன்றாம் வருஷம் கையில் எடுத்தால் புட்டு மாதிரி உதிர்ந்தது. அந்த வருஷம் கத்திரிக்காய் எத்தனை காய்த்தது என்று நினைவில்லை. மண்ணின் வாசனை நினைவிருக்கிறது.

இடையில் ஒரு தவறும் செய்தேன். சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை போக 9 நாள் லீவு. சாப்பெக்கின் தோட்டக்காரன் ஆகஸ்டில் வெளியூர் போகும்போது, "பெரிய வேலை ஒண்ணும் இல்ல, சும்மா எட்டிப் பாத்துக்க" என்கிற தோரணையில் நண்பனிடம் சாவியைக் கொடுப்பான். பிறகு கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டு அவன் உயிரை எடுப்பான். நான் இன்ஜினியர் இல்லையா? ஈரப்பத சென்சாரும் சொட்டுநீர்க் குழாயும் வைத்துவிட்டு, மதுரையிலிருந்து போனில் கிராஃப் பார்த்தேன். எல்லாம் பச்சை. திரும்பி வந்தால் செம்பருத்தி, கத்திரி இரண்டிலும் இலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. முதல் நாளே கண்டிருந்தால் கையால் துடைத்து வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்திருக்கலாம். சென்சார் பொய் சொல்லவில்லை. நான் அதனிடம் ஈரத்தை மட்டும்தான் கேட்டிருந்தேன். தினமும் குனிகிற முதுகு கேட்காமலேயே பலதையும் பார்க்கிறது.

பருவங்களை நேராகப் பொருத்திப் படித்தால் இந்த நூல் நமக்கு அந்நியமாகிவிடும். பிராக்கின் ஜனவரிக்குச் சென்னையில் இணை மே மாதம். அங்கே பனி மண்ணைப் பூட்டுகிறது, இங்கே கத்திரி வெயில். இரண்டிலும் தோட்டக்காரன் கையைப் பிசைந்துகொண்டு வானத்தைப் பார்ப்பான். ஆடிப்பட்டம்தான் நம் மார்ச். இப்படி மாற்றிக்கொண்டால், இலையுதிர்காலம் பற்றிய பக்கங்கள் சட்டென்று புரியும். இயற்கை தூங்கப் போகிறது என்பது நம் பிழையான பார்வை, அடுத்த வசந்தத்தின் மொட்டுகள் இப்போதே கிளையில் இருக்கின்றன என்று அங்கே வாதிடுகிறார். மே மாதம் நிழல்வலைக்கு அடியில், செடி இல்லாத பையில் மூடாக்கைக் கிளறினால் மண்புழு நெளியும்போது எனக்கும் அதுதான் தோன்றும்.

சண்டை எனக்கு முடிவில்தான். தோட்டக்காரர்கள் எதிர்காலத்துக்காக வாழ்கிறவர்கள், ஐம்பது வருஷம் கழித்து இந்த மரக்கன்று எப்படி நிற்கும் என்று பார்க்க ஆசை என்கிற ரீதியில் நூல் முடிகிறது. அழகுதான். ஆனால் போன வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரத்தில் வீட்டு ஓனர் மாடிக்கு வந்தார்.

"தம்பி, கீழ சீலிங்ல ஈரம் கசியுது. இந்தப் பையெல்லாம் எடுத்துடுங்க."

"தட்டு வெச்சிருக்கேன் சார், தண்ணி கீழ இறங்காது."

"எங்களுக்கு வீடு முக்கியம் தம்பி."

அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அன்று இரவு அந்தக் கடைசிப் பக்கங்களைப் படித்தபோது எரிச்சல் வந்தது. ஐம்பது வருஷம் காத்திருக்க முதலில் காலடியில் நிலம் வேண்டுமே? பொறுமையைத் தோட்டக்காரனின் குணமாகவே சாப்பெக் எழுதுகிறார். அது பத்திரத்தோடு வருகிற வசதியும்கூட என்பதை நூல் ஒரு இடத்திலும் யோசிப்பதில்லை.

சாப்பெக் தரப்பில் வரலாறு ஒரு பதில் வைத்திருக்கிறது. 1938 கிறிஸ்துமஸ் அன்று அவர் இறந்தார். அடுத்த ஆண்டு நாஜிகள் நாட்டைப் பிடித்ததும், இறந்தது தெரியாமல் கெஸ்டபோ அவரைக் கைது செய்யத் தேடி வந்தது. யோசெஃப் வதைமுகாம்களில் அடைபட்டு, 1945 ஏப்ரலில் பெர்கன் பெல்சனில் மாண்டார். சொந்த நிலமும் அவர்களுக்கு எதிர்காலத்தைத் தரவில்லை. இதை அறிந்தபின் அந்த முடிவைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. என் கேள்வியை விட்டுவிடவும் முடியவில்லை.

32 பைகளில் 6 பையின் மண்ணை அரிசிச் சாக்குகளில் கட்டிப் புது வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இங்கே மாடிக்கு அனுமதி இல்லை, பால்கனி மட்டும். மீதி மண்ணைத் தெருமுனை இஸ்திரி அண்ணன் வாங்கிக்கொண்டார். வண்டிக்குப் பின்னால் சுவரோரமாகக் கொட்டி முருங்கைக் கொம்பு நட்டிருக்கிறார். அந்த இடம் அவருக்கும் சொந்தமில்லை. போன வாரம் அந்தப் பக்கம் போனபோது துளிர்த்திருந்தது.

"காய்ச்சா குடுக்கறேன் தம்பி" என்றார்.

என் ஒப்பந்தத்தில் இன்னும் 4 மாதம் இருக்கிறது.