ஒரு கேம் ஸ்ரிக்கும் தொண்ணூறுகளின் தகராறும்

பெட்டியின் மேல் இரண்டு வாக்குறுதிகள் பெரிய எழுத்தில் இருக்கின்றன. ஒன்று 4கே படம், மற்றது பத்தாயிரம் விளையாட்டு. இரண்டையும் அப்படியே நம்ப வேண்டாம். இரண்டையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும் உள்ளே மிஞ்சுவது மோசமில்லை.

எம்8 என்று விற்கப்படும் சீனத் தயாரிப்பான கேம் ஸ்ரிக் இது. வவுனியாவில் ஒரு போன் கடையில் வாங்கினேன். விலை பத்தாயிரம் ரூபாய்க்குள். பென்ட்ரைவ் அளவில் ஒரு கறுப்புத் துண்டு, அதில் செருக ஒரு மெமரி காட், வயரில்லாத இரண்டு ஜொய்ஸ்ரிக், அவற்றுக்கான சின்ன ரிசீவர், ஒரு எச்டிஎம்ஐ நீட்டு வயர், ஒரு யூஎஸ்பி வயர். பெட்டிக்குள் இல்லாதது பற்றறி. ஜொய்ஸ்ரிக் ஒன்றுக்கு இரண்டு மெல்லிய ஏஏஏ பற்றறி வேண்டும், சோடிக்கு நான்கு. அந்தப் பற்றறிக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

வாங்கக் காரணம் ஒரு வாக்குவாதம். லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சான் ஒரு பக்கம். வவுனியா ரவுணில் வளர்ந்த சகலன் மறுபக்கம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த வீடியோ கேம்களில் எது திறம் என்பது வழக்கு. மச்சானுக்கு சேகா மெகா ட்ரைவும் சொனிக்கும்தான் உலகம். சகலனுக்கு ரிவி கேம் பெட்டியில் ஆடிய கொன்ராவும் ராங்கி விளையாட்டும். சாப்பாட்டு மேசையில் தொடங்கியது முற்றத்துக்குப் போய் இரவு பதினொன்று வரை இழுபட்டது.

நான் வன்னிக்குள் வளர்ந்தவன். இந்த வழக்கில் வாதாட என்னிடம் எதுவும் இல்லை. 1990 ஜூனில் அரசுக்கும் புலிகளுக்கும் இடையில் சண்டை மீண்டும் தொடங்கியபோது எங்கள் பக்கத்துக்குப் பொருளாதாரத் தடையும் வந்தது. மண்ணெண்ணெய், சீமெந்து, பசளை, சவர்க்காரம் என்று நீண்ட அந்தப் பட்டியலில் பற்றறியும் இருந்தது. பென்டோர்ச் பற்றறி ஒன்றைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு சென்றியைக் கடப்பது லேசான காரியமில்லை. உலகத்துப் பிள்ளைகள் கையில் வைத்து ஆடிய, 1989இல் வந்த நின்ரெண்டோ கேம் போய்க்கு வேண்டியதோ நான்கு பென்டோர்ச் பற்றறி. 1990இல் வந்த சேகாவின் கேம் கியருக்கு ஆறு. அதுவும் நாலைந்து மணித்தியாலத்தில் குடித்து முடித்துவிடும். எங்களுக்குக் கிட்டிப்புள்ளும் கிளித்தட்டும் போளையும் இருந்தன, அவற்றுக்குப் பற்றறி தேவையில்லை.

றேடியோவுக்குத்தான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவன் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்னில் பிபிசி தமிழோசையும் வெரித்தாஸ் வானொலியும் கேட்டோம். "அதில கேம் போய் ஓடியிருக்குமோ?" என்று மச்சான் பகிடியாகக் கேட்டான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். சைக்கிள் டைனமோ 6 வோல்ற், 3 வாற். கேம் போய்க்கும் 6 வோல்ற்தான், ஒரு வாற்றுக்கும் குறைவாகத்தான் இழுக்கும். டைனமோ தருவது ஏசி என்பதால் நடுவில் நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் போட வேண்டும், றேடியோவுக்கும் அப்படித்தான் போட்டோம். ஒரு சைக்கிளில் மூன்று கேம் போய் தாராளமாக ஓடியிருக்கும். கேம் போய்தான் இல்லை.

ஆகவே என்னை நடுவராக்கினார்கள். சிறுவயது ஏக்கம் கலக்காமல் இந்த விளையாட்டுகளைப் பார்க்கக்கூடிய ஆள் அந்த முற்றத்தில் நான் ஒருவன்தான். சொந்தமாகக் கொண்டாடிய விளையாட்டை யாரும் நியாயமாக மதிப்பிட மாட்டார்கள். அதில் கலந்திருக்கும் பள்ளி விடுமுறையையும் கூட ஆடிய அண்ணனையும் சேர்த்தே புள்ளி போடுவார்கள். எனக்கு அந்த வில்லங்கம் கிடையாது.

முதலில் கருவி. ரிவியின் எச்டிஎம்ஐ துளையில் நேரே செருகாமல் நீட்டு வயரோடு செருகுங்கள், ரிவியின் பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தால் துண்டு உள்ளே போகாது. மின்சாரத்தை ரிவியின் யூஎஸ்பி துளையிலிருந்தே எடுக்கலாம் என்கிறார்கள். எங்கள் ரிவியில் அப்படி எடுத்தபோது இடைக்கிடை தானாக அணைந்து எழும்பியது. போன் சாஜருக்கு மாற்றினேன், பிரச்சினை தீர்ந்தது. 4கே என்பது வெறும் விளம்பரம், துண்டு அனுப்புவது 720பி படம். அதற்காக மனம் வருந்தத் தேவையில்லை. இந்த விளையாட்டுகள் வரையப்பட்டதே மிகச் சிறிய படத்துக்குத்தான். நின்ரெண்டோவின் ஃபமிகொம் பெட்டி 256க்கு 240 புள்ளி, மெகா ட்ரைவ் 320க்கு 224, கேம் போய் வெறும் 160க்கு 144. 4கே வந்தாலும் மாரியோவின் மீசையில் மயிர் எண்ண முடியாது.

உண்மையான குறை வேறு. அந்தக் காலத்து ரிவியின் திரை 4:3. இப்போதுள்ளது 16:9. ஸ்ரிக் எல்லாவற்றையும் திரை முழுக்க இழுத்துப் பரப்புகிறது. மாரியோ ஊதிப்போய் நிற்கிறார். ரிவியின் ரிமோட்டில் படத்தின் அளவை 4:3க்கு மாற்றினால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டி வரும், ஆள் மெலிவார். எங்கள் வீட்டில் கறுப்புப் பட்டி பிடிக்காதவர்கள்தான் அதிகம். நான் மட்டும் இருக்கும்போது மாற்றிக்கொள்கிறேன்.

பத்தாயிரம் விளையாட்டு என்பதும் அப்படித்தான். ஒரே விளையாட்டு யப்பான் பதிப்பு, அமெரிக்கப் பதிப்பு, முப்பது உயிர்ப் பதிப்பு, யாரோ கைவைத்த பதிப்பு என்று திரும்பத் திரும்ப வருகிறது. பெயர்களில் எழுத்துப் பிழை தாராளம். தமிழ் மெனு இல்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: உள்ளே இருக்கும் விளையாட்டு எதற்கும் நின்ரெண்டோவோ சேகாவோ அனுமதி கொடுக்கவில்லை. எல்லாம் களவுப் பிரதி. மெமரி காட்டும் மலிவுச் சரக்கு, வாங்கிய அன்றே ஒரு நல்ல காட்டுக்குப் பிரதி எடுத்து வைத்துக்கொள்வது புத்தி.

இனி வழக்கு. சகலனின் கொன்ராவை முதலில் போட்டோம். மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ என்று கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். முப்பது உயிர் வந்தது. முப்பது வருசம் கழித்தும் விரல் மறக்கவில்லை. இரண்டு பேர் சேர்ந்து ஓடி, சுட்டு, ஒருவனுக்காக ஒருவன் காத்திருந்து மேலே ஏறும் அந்தக் கட்டம் இன்றைக்கும் திறம். ராங்கி விளையாட்டும் அப்படித்தான், செங்கல் சுவருக்குள் இருக்கும் கழுகைக் காப்பாற்ற வேண்டும். அம்மா மட்டும் குசினிக்குள் இருந்து, "உந்த வெடிச் சத்தத்தைக் குறையுங்கோடா" என்றா. குறைத்தோம்.

ஆனால் சகலனின் வழக்கில் ஒரு சட்டச் சிக்கல். அவன் தொண்ணூறுகளில் ஆடியவை தொண்ணூறுகளின் விளையாட்டுகளே அல்ல. ராங்கி விளையாட்டின் மூலம் நம்கோவின் 1985ஆம் ஆண்டு பற்றில் சிற்றி. கொனாமியின் கொன்ரா 1987இல் ஆக்கேட் மெசினில் வந்து, 1988இல் ஃபமிகொமுக்கு மாறியது. ஃபமிகொம் பெட்டியே 1983இல் யப்பானில் வெளிவந்தது. அதை அப்படியே பார்த்துச் செய்த மலிவு நகல் பெட்டிகள்தான் எங்கள் பக்கத்து நாடுகளுக்கெல்லாம் வந்தன. பணக்கார நாடுகள் 16 பிற்றுக்குப் போனபோது எங்களவர்களுக்கு 8 பிற் கிடைத்தது. அதனால் கொன்ராவைத் தள்ளுபடி செய்தேன். சகலன் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மச்சானின் சொனிக் 1991 ஜூனில் வந்தது, திகதியில் குறை இல்லை. போட்ட உடனே மச்சான் திகைத்தான். "உது வேகமாப் போகுது. உப்பிடி இருக்கேல்லை." ஸ்ரிக் கெட்டுப்போகவில்லை, அவன் ஞாபகமும் பிழையில்லை. பிரித்தானிய ரிவிகள் அப்போது செக்கனுக்கு 50 தரம் படம் மாற்றின, யப்பான், அமெரிக்க ரிவிகள் 60 தரம். முதலாவது சொனிக்கை ஐரோப்பாவுக்கு அனுப்பும்போது சேகா அதற்கு ஏற்பத் திருத்தாமல் விட்டது. லண்டன் பெடியள் ஆடியது ஆறில் ஒரு பங்கு மெதுவான சொனிக், பாட்டும் மெதுவாகத்தான் ஓடியது. ஸ்ரிக்கில் இருப்பது 60க்கான பதிப்பு. உலகத்தின் வேகமான விளையாட்டு என்று இவ்வளவு காலமும் எங்களுக்கு வகுப்பெடுத்தவன் ஆடியது பிரேக் பிடித்த பதிப்பு.

சொனிக்கில் இந்தக் கருவியின் பெரிய பலவீனமும் தெரிந்தது. பட்டனை அழுத்துவதற்கும் திரையில் ஆள் குதிப்பதற்கும் இடையில் ஒரு சின்னச் சுணக்கம். பழைய குண்டு ரிவியில் சிக்னல் வந்த கையோடு படம் விழும். தட்டை ரிவி படத்தை உள்ளே வாங்கி மெருகேற்றி வெளியே விடுகிறது. அதற்கு முன்னால் வயரில்லாத ஜொய்ஸ்ரிக் கொஞ்சம் நேரம் எடுக்கிறது, பழைய பெட்டியைப் போலப் பாவனை செய்யும் மென்பொருள் இன்னும் கொஞ்சம். ரிவியில் கேம் மோட் இருந்தால் போடுங்கள், பாதிச் சுணக்கம் போய்விடும். மீதிப் பாதி சொனிக்கைக் கொல்லப் போதும். முள் திரைக்குள் வருகிறது, நான் அழுத்துகிறேன், அதற்குள் குத்திவிடுகிறது. சுணக்கத்தைக் கழித்தாலும் எனக்கு ஒரு முறைப்பாடு உண்டு. வேகமாக ஓடு என்று சொல்லும் விளையாட்டு, முன்னால் என்ன வருகிறது என்று பார்க்க இடம் தரவில்லை.

சுணக்கத்தை அசட்டை செய்யும் விளையாட்டு ஒன்றும் இருக்கிறது, பிறின்ஸ் ஒஃப் பேர்சியா. அதை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் விட்டு வீடியோ எடுத்து, அதன் மேல் ஒவ்வொரு படமாக வரைந்து செய்த ஆள்தான் அதன் நாயகன். மனிதனைப் போலவே கால் எடுத்து வைக்க நேரம் எடுப்பதால் ஸ்ரிக்கின் சுணக்கம் உறைப்பதில்லை. இதைக் கணினியில் எனக்குத் தெரியும். 2002இல், சண்டையால் மூடிக் கிடந்த ஏ9 பாதை திறந்த பிறகு கிளிநொச்சிக் கணினி வகுப்பில், ஆசிரியர் வெளியே போனதும் நாங்கள் திறந்தது இதைத்தான். ஸ்ரிக்கில் இருப்பது 1992இல், ஃபமிகொமுக்கு அடுத்த பெட்டியான சுப்பர் ஃபமிகொமுக்கு வந்த பதிப்பு. அதில் ஆட்டத்துக்கான ஒரு மணித்தியால அவகாசம் இரண்டாகவும், 12 கட்டம் 20 ஆகவும் நீண்டது. நல்லது, ஆனால் தனியே இருந்து ஆட வேண்டியது.

தனி ஆட்டத்தில் முதலிடம் சுப்பர் மாரியோ வேர்ல்ட். 1990 நவம்பரில் சுப்பர் ஃபமிகொமோடு யப்பானில் வந்தது. கட்டங்களிலிருந்து மொத்தம் 96 வழிகளில் வெளியேறலாம். பாதியைக்கூட நாங்கள் இன்னும் காணவில்லை. பிழை விட்டால் அது நம் பிழை என்று உடனே தெரிகிறது. எட்டு வயது மருமகள், "மாமா, இதில ஃப்ரீ ஃபயர் இல்லையோ?" என்று கேட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தவள், ஜொய்ஸ்ரிக்கைத் திருப்பித் தரவில்லை.

இரண்டு பேருக்கென்றால் கப்கொமின் ஸ்ரீட் ஃபைட்டர் 2, ஆக்கேட்டில் 1991. ஆறு பட்டன், எட்டுப் பேர், பெரும்பாலானவர்கள் வேறு வேறு விதமாக அடிப்பார்கள். இந்தியாவின் சார்பில் தல்சிம் என்றொருவர். கழுத்தில் மண்டையோட்டு மாலை, வாயில் நெருப்பு, நீளும் கை, பின்னால் வரிசையாக யானைகள். யப்பான்காரர் எங்கள் பக்கத்தை எப்படிக் கற்பனை செய்தார் என்று பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் ஆளை எடுத்து ஆடினால் சிரிப்பு நின்றுவிடும், தூரத்தில் நின்றே அடிக்கிறார். ரியூ என்ற ஆளின் நெருப்புப் பந்துக்குக் கீழ், மூலை, முன் என்று கட்டைவிரலை உருட்டிக் குத்த வேண்டும். ஸ்ரிக்கோடு வந்த ஜொய்ஸ்ரிக்கில் அந்த மூலைதான் சரியாக விழுவதில்லை, மூன்றுக்கு ஒன்று பிழைக்கிறது. சுணக்கமும் உண்டு. ஆனால் அது இருவருக்கும் ஒரே அளவு என்பதால் போட்டி கெடவில்லை. மச்சானும் சகலனும் விடியப்புறம் வரை அடித்துக்கொண்டது இதில்தான்.

டூம் பற்றிக் கேட்பீர்கள். 1993 டிசம்பரில் கணினிக்கு வந்தது அது, இந்தப் பெட்டியின் ஆள் அல்ல.

என் தீர்ப்பு: தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முதலிடம் ஸ்ரீட் ஃபைட்டர் 2க்கு, இரண்டாவது சுப்பர் மாரியோ வேர்ல்ட், மூன்றாவது பிறின்ஸ். சொனிக் பார்க்க அழகு. கருவிக்குப் பத்துக்கு ஆறு புள்ளி. விருந்தாளி வந்து போகும் வீட்டுக்காரர், பிள்ளைகளைப் போனிலிருந்து கொஞ்சம் பிரிக்க நினைப்பவர்கள் வாங்கலாம். தனியே இருந்து ஆடுபவர் வாங்க வேண்டாம். வாங்கினால் கூடவே மீள் சாஜ் ஏற்றும் ஏஏஏ பற்றறி நான்கும் எடுத்துவிடுங்கள், சாதாரணப் பற்றறி எங்கள் வீட்டில் ஒரு வார இறுதிக்குக்கூடக் காணவில்லை.