ஒரு கணினிக்குள் பல கணினிகள்: மெய்நிகராக்கம் தருவதும் கேட்பதும்

பிள்ளையார்பட்டிப் பக்கத்து இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பிப்பவருக்கு, அவ்விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளும் சர்வர் தனிக் கணினியா, மற்றொரு கணினிக்குள் மென்பொருளால் உண்டாக்கப்பட்டதா என்பது தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை. பொதுப்பணத்தில் சர்வர் அமைப்பவர்கள் அப்படி இருந்துவிட முடியாது. ஒரே கணினியின் செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றைப் பங்கிட்டு, தனித்தனி இயங்குதளத்தோடு தனிக் கணினி போலவே நடக்கும் பல மெய்நிகர் இயந்திரங்களை உருவாக்குவது மெய்நிகராக்கம் எனப்படும். பங்கீட்டை நடத்தும் மென்பொருள் ஹைப்பர்வைசர். 1960களில் ஐபிஎம் பெருங்கணினிகளில் பிறந்த இம்முறையை, 1998இல் தொடங்கப்பட்ட விஎம்வேர் நிறுவனம் சாதாரணக் கணினிகளுக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் தேசியத் தகவலியல் மையம் 2014இல் தொடங்கிய 'மேகராஜ்' மேகக்கணினிச் சேவைக்கும் இதுவே அடித்தளம்.

இதன் ஆதாயம் பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் காலையில் விளங்கும். அந்தச் சில மணி நேரக் கூட்டத்துக்காக வாங்கும் சர்வர்கள் ஆண்டு முழுவதும் சும்மா கிடக்கும். மெய்நிகர் இயந்திரங்களையோ, அன்று மட்டும் கூட்டிப் பிறகு குறைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒருவருக்கு நெருக்கடியான வேளையில் மற்றவர் ஓய்வாக இருந்தால்தான் பங்கீடு மிச்சம் தரும். எல்லாத் துறைக்கும் நிதியாண்டின் கடைசி வாரத்திலேயே வேலை குவியுமானால், அடியிலிருக்கும் வன்பொருள் எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். இதை விற்பவர்கள் பேசாமல் விடும் கணக்கு இது.

பாதுகாப்பு இதைவிடச் சிக்கலானது. இயந்திரங்களுக்கு இடையேயுள்ள சுவரும் மென்பொருளே என்பதால் அதிலும் பிழை இருக்கும். 2015இல் வெளிப்பட்ட 'வெனம்' என்ற குறை, ஃப்ளாப்பி வட்டு இயக்கியைப் போல நடிக்கும் பழைய நிரல்பகுதியில் இருந்தது. ஃப்ளாப்பியை உலகமே மறந்துவிட்ட காலத்தில், அந்த ஓட்டை வழியாக ஒரு மெய்நிகர் இயந்திரத்திலிருந்து தாய்க் கணினிக்குள் நுழைய வாய்ப்பிருந்தது. 2018 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட 'மெல்ட்டவுன்', 'ஸ்பெக்டர்' குறைகளோ செயலியின் அமைப்பிலேயே இருந்தன. வன்பொருள் பழுதானாலும் ஒரு சர்வரோடு இருபது சேவைகள் சேர்ந்து நிற்கும். இன்னொரு கணினிக்கு உடனே மாற்றும் ஏற்பாட்டை முன்னரே செய்திருந்தால்தான் தப்பலாம், அதற்கும் உபரிக் கணினி வேண்டும்.

சார்பு என்ற இடரும் உண்டு. 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கிய பிராட்காம் நிறுவனம், அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனையை நிறுத்தி, சந்தா முறைக்கு மாற்றியது. விஎம்வேர் மென்பொருளில் ஊறிப்போன நிறுவனங்களுக்கு உடனே வேறு வழியில்லை. 2007இல் லினக்ஸின் உட்கருவில் சேர்க்கப்பட்ட கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர் இலவசமாகவே கிடைத்தாலும், அதைக் கட்டிக்காக்கத் தெரிந்தவர்கள் தேவை. அவர்களை உருவாக்கப் பெரிய முதலீடு வேண்டாம். மெய்நிகராக்க வசதி செயலியிலேயே இருப்பதால், காரைக்குடிக் கல்லூரி ஆய்வகங்களிலுள்ள சாதாரணக் கணினிகளே பயிற்சிக்குப் போதும்.