வாசிப்பில்லாப் பரிசில்: ஸ்டீமிட் தளத்தில் உள்ளடக்கப் படைப்பாளர்கள் எதிர்கொண்ட சிக்கல்கள்

ஆய்வுச் சுருக்கம்

விளம்பரதாரரின் தயவின்றி எழுத்துக்கு நேரடியாகப் பொருள் கிடைக்கும் என்னும் வாக்குறுதியோடு 2016ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சமூக ஊடகத் தளம் ஸ்டீமிட். பிளாக்செயின் நுட்பத்தில் அமைந்த வெகுமதித் தளங்களுக்கு அது முன்னோடியாக விளங்கியது. அதன் வெகுமதி விதிகளையும், 2016 முதல் 2020 வரை அவை அடைந்த மாற்றங்களையும், அவற்றால் படைப்பாளர்களுக்கு நேர்ந்த இடர்களையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது. வாக்கைத் துல்லியமாகப் பதிவுசெய்யும் அவ்வமைப்பு வாசிப்பைப் பதிவுசெய்வதில்லை. படைப்பாளர்களின் இடர்களுள் பெரும்பாலானவை இவ்விடைவெளியிலிருந்தே தோன்றுகின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: பிளாக்செயின், ஸ்டீமிட், ஹைவ், உள்ளடக்கப் படைப்பாளர், வெகுமதி, பங்குவழி வாக்கு, வாக்கு வணிகம்.

முன்னுரை

முகநூல், யூடியூப் போன்ற தளங்களில் பயனர்கள் உருவாக்கும் உள்ளடக்கத்தால் பெரும் வருவாய் விளைகிறது. அவ்வருவாயைப் பகிர்வதா, எவ்வளவு பகிர்வது என்பதைத் தளத்தை நடத்தும் நிறுவனமே முடிவுசெய்கிறது. இந்நிலைக்கு மாற்றாக முன்வைக்கப்பட்டதே வெகுமதி சார் பிளாக்செயின் சமூக ஊடகம். நெட் ஸ்காட், டேன் லாரிமர் ஆகியோர் 2016 மார்ச்சில் தொடங்கிய ஸ்டீம் என்னும் பிளாக்செயினும், அதன்மேல் இயங்கிய ஸ்டீமிட் தளமும் இவ்வகையில் பரவலாக அறியப்பட்ட முதல் முயற்சி. அதே ஆண்டு ஜூலை 4 அன்று படைப்பாளர்களுக்கு முதன்முறையாக வெகுமதி வழங்கப்பட்டது.

இத்தகைய தளங்களைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இரு முனைகளில் நிற்கின்றன. ஒரு சாரார் இதனைப் படைப்பாளரின் விடுதலை என்பர்; மறு சாரார் ஏமாற்று வேலை என்று ஒதுக்குவர். இரண்டுமே விதிகளை உற்றுநோக்காத முடிவுகள். படைப்பாளரின் நிலையை அறிய வேண்டுமாயின், அவருடைய எழுத்துக்கு யார், எந்த அடிப்படையில் மதிப்பிடுகின்றனர் என்பதை முதலில் காண வேண்டும்.

வெகுமதியின் அமைப்பு

ஸ்டீமிட்டில் வாசகர் தம் பையிலிருந்து படைப்பாளருக்குப் பணம் தருவதில்லை. பிளாக்செயின் தொடர்ந்து புதிய நாணயங்களை வெளியிடுகிறது. அவற்றின் ஒரு பகுதி வெகுமதித் தொகுப்பில் சேர்கிறது. பயனர்கள் அளிக்கும் வாக்குகளின் எடைக்கேற்ப அத்தொகுப்பு பகிரப்படுகிறது. எனவே ஒருவர் பெறுவது கூடினால் மற்றவர்கள் பெறுவது குறையும்.

நாணயம் மூவகைப்படும். சந்தையில் விற்கத்தக்கது ஸ்டீம். பூட்டிவைக்கப்பட்டு வாக்கு வலிமையாக மாறுவது ஸ்டீம் பவர். ஓர் அமெரிக்க டாலரின் மதிப்பை ஒட்டியிருக்க வேண்டுமென வகுக்கப்பட்டது ஸ்டீம் டாலர். படைப்பாளருக்குரிய வெகுமதி வழக்கமாகப் பாதி ஸ்டீம் பவராகவும் பாதி விற்கத்தக்க வடிவிலும் வழங்கப்பட்டது. பூட்டிய பங்கை முழுமையாக மீட்கத் தொடக்கத்தில் 104 வாரங்கள் ஆயின. 2016 டிசம்பரில் செய்யப்பட்ட விதிமாற்றம் அதனை 13 வாரங்களாகக் குறைத்தது. ஆக, உழைப்பின் பயனில் ஒரு பகுதி அன்றாடச் செலவுக்கு உதவாத வடிவிலேயே படைப்பாளரை அடைந்தது.

பங்கின் அளவே தீர்ப்பின் அளவு

இவ்வமைப்பில் ஒருவருக்கு ஒரு வாக்கு என்னும் முறை இல்லை. ஒருவர் வைத்திருக்கும் ஸ்டீம் பவரின் அளவே அவருடைய வாக்கின் மதிப்பு. இதற்குக் காரணம் உண்டு. முகமறியா வலைவெளியில் ஒருவரே ஆயிரம் கணக்குகளைத் தொடங்கிவிட முடியும். கணக்குக்கு ஒரு வாக்கு என்றால் வெகுமதித் தொகுப்பு போலிக் கணக்குகளால் வெறுமையாகிவிடும். நெடுங்காலத்திற்குப் பணத்தைப் பூட்டிவைத்தவர் தளத்தின் நலன் கருதியே வாக்களிப்பார் என்பது வடிவமைத்தோரின் எதிர்பார்ப்பு.

இத்தீர்வு ஒரு சிக்கலைக் களைந்து மற்றொன்றை உருவாக்கியது. தொடக்கக் காலத்தில் வாக்கின் செல்வாக்கு பங்கின் வர்க்கத்திற்கேற்ப உயர்ந்தது: பத்து மடங்கு பங்குடையவரின் வாக்கு ஏறத்தாழ நூறு மடங்கு வலிமை பெற்றது. 2017 ஜூனில் இது நேர்விகித முறையாக மாற்றப்பட்டது. ஆயினும் பெரும்பங்கு சிலரிடமே குவிந்திருந்தமையால் ஏற்றத்தாழ்வு நீடித்தது. பயனர்கள் தம்மிடையே வழங்கிய பெயர்களே இதனைக் காட்டும். பெரும்பங்குடையோர் ‘திமிங்கலங்கள்’, புதியவர்கள் ‘சிறுமீன்கள்’. நூறு சிறுமீன்கள் ஊன்றிப் படித்துப் பாராட்டிய கட்டுரை சில சென்ட் பெறவும், ஒரு திமிங்கலத்தின் வாக்கு விழுந்த நிழற்படம் பல டாலர் பெறவும் அவ்விதிகள் இடமளித்தன.

இந்த ஏற்றத்தாழ்வு எதிர்பாராத பிழையன்று. ஸ்டீமின் வெள்ளை அறிக்கையே இதனை வெளிப்படையாகப் பேசுகிறது. மக்கள் தமக்கு வாக்கு விழும் வாய்ப்பை மிகைப்படக் கணிப்பர். அதனால் கிடைக்கக்கூடிய ஊதியத்திற்கு மேலாக உழைப்பர். இது பரிசுச்சீட்டின் விளைவை ஒத்தது என்று அவ்வறிக்கை விளக்குகிறது. எல்லோருக்கும் ஏதோ சிறிது கிடைப்பதைச் சூதாட்டக் கூடங்கள் கையாளும் உளவியலோடும் அது ஒப்பிடுகிறது. படைப்பாளரின் ஏமாற்றம் உழைப்பை ஈர்க்கும் விசையாகத் திட்டத்திலேயே கணக்கிடப்பட்டிருந்தது என்பதே இதன் பொருள். உழைப்புக்கேற்ற ஊதியம் என்னும் விளம்பரத்திற்கும் வெள்ளை அறிக்கையின் இந்த விளக்கத்திற்கும் உள்ள முரண், இத்தளம் பற்றிய திறனாய்வின் தொடக்கப் புள்ளியாக அமைய வேண்டும்.

வாக்கு வணிகம்

வாக்களிப்பவருக்கும் வெகுமதியில் ஒரு பங்கு உண்டு. நல்ல எழுத்தைத் தேடிப் படித்து முன்னிறுத்துவோரை ஊக்குவிப்பது இவ்விதியின் நோக்கம். படைப்பாளருக்கு 75 விழுக்காடு, வாக்களிப்போருக்கு 25 விழுக்காடு என்றிருந்த பகிர்வு, 2019 ஆகஸ்ட் விதிமாற்றத்தால் சரிபாதியாயிற்று.

தேர்வுக்கு ஊதியம் கிடைத்தது. ஆனால் தேர்வுக்கு முன் வாசிக்க வேண்டும் என்பதை எந்த விதியாலும் உறுதிசெய்ய இயலவில்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ பத்து முழு வாக்குகளை அளிக்கலாம் என்ற நிலையில், அவற்றைத் தானியங்கி நிரல்களிடம் ஒப்படைப்பது எளிதாயிற்று. பங்கைப் பிறருக்கு ஒப்படைக்கும் வசதி 2017இல் வந்தபின், பெரும்பங்குகளை வாடகைக்குப் பெற்று வாக்குகளை ஏலத்தில் விற்கும் நிரல்கள் பெருகின. படைப்பாளர் தம் எழுத்து கண்ணில் படுவதற்காகவே பணம் கொடுத்து வாக்கு வாங்கும் நிலை உருவானது. வாங்கியவரின் படைப்பு முன்வரிசையில் நின்றது. வாங்காதவரின் படைப்பு அடியில் ஆழ்ந்தது. விளம்பரத்தை ஒழிக்க வந்த தளத்தில் வாக்கே விளம்பரமாயிற்று.

வெகுமதியைப் பங்கிட்டுக்கொள்ளும் முறைகேட்டைத் தடுக்க எதிர்வாக்கு என்னும் கருவி இருந்தது. முன்பு எதிர்வாக்கு அளிப்பவர் தம் வாக்கு வலிமையை இழக்க வேண்டியிருந்ததால் பலரும் ஒதுங்கினர். 2019 விதிமாற்றம் அதற்கெனத் தனி ஒதுக்கீட்டை அளித்தது. வாக்கு விற்பனையின் இலாபம் இதனால் குறைந்தது. ஆனால் எதிர்வாக்கின் வலிமையும் பங்கையே சார்ந்திருந்தது. தம் வருவாய் எக்காரணத்தால் குறைக்கப்பட்டது என்று சிறு படைப்பாளர் வினவலாம். விடை சொல்லும் கடமை குறைத்தவருக்கு இல்லை. மேலும், அதே விதிமாற்றத்தில் வந்த புதிய கணக்கீட்டு முறை, குறைந்த வாக்கு பெற்ற பதிவுகளின் வெகுமதியை விகிதத்திற்கும் கீழாகக் குறைத்தது. முறைகேட்டைத் தடுக்கச் செய்த ஏற்பாட்டின் சுமையில் ஒரு பகுதி முறைகேடு செய்யாதோர்மீதும் விழுந்தது.

ஏழு நாள் ஆயுளும் அழியாத் தடமும்

2017இல் வந்த விதியின்படி ஒரு பதிவு வெகுமதி ஈட்டும் காலம் ஏழு நாள். எட்டாம் நாளில் வரும் வாசகரின் வாக்கு படைப்பாளருக்கு எப்பொருளையும் தராது. நாள்தோறும் மாறும் விலை நிலவரத்தை எழுதுபவரை இவ்விதி பாதிப்பதில்லை. பல மாத உழைப்பில் உருவாகும் ஆய்வுக் கட்டுரை, நெடுங்கதை, களப்பணிப் பதிவு ஆகியவற்றையே அது பாதிக்கிறது. ஆண்டுகள் கழிந்தும் தேடிப் படிக்கப்படுவது அத்தகைய எழுத்தின் இயல்பு. ஆகவே அடிக்கடி எழுதுதல், சுருக்கமாக எழுதுதல், சூடான பொருளை எழுதுதல் ஆகியவை வெகுமதிக்கு உகந்த உத்திகளாயின. தளமே கிரிப்டோ நாணயத்தால் இயங்குவதால், அது பற்றிய பதிவுகளுக்குப் பங்குடையோரின் கவனம் எளிதில் கிட்டியது.

ஊதியம் ஏழு நாளில் முடிய, பதிவோ அழிவதில்லை. திருத்தினாலும் நீக்கினாலும் பழைய வடிவம் பிளாக்செயினின் வரலாற்றில் தங்கிவிடும். தணிக்கைக்கு அஞ்சும் எழுத்தாளருக்கு இது காப்பு. அவசரத்தில் எழுதியதை மீட்டுக்கொள்ள விரும்புபவருக்கு இது சுமை. கணக்கின் மறைச்சாவிகளைத் தொலைத்தவருக்கோ எழுத்து கண்முன் இருக்கும், ஈட்டிய பொருள் கைக்கு எட்டாது.

மொழியும் வாசகரும்

பங்குடையவர் தமக்குப் புரியும் மொழியில் உள்ளதையே தேர்ந்தெடுப்பார். ஆகவே ஒரு மொழியின் எழுத்துக்கு வெகுமதி கிடைப்பது, அம்மொழியினரிடம் எவ்வளவு பங்கு சேர்ந்துள்ளது என்பதைப் பொறுத்ததாகிறது. ஸ்டீமில் கொரிய மொழியினர் தொடக்கத்திலேயே வலுவான வட்டமாகத் திரண்டனர். பின்னர் வங்காளிகளும் தமக்கெனக் குழு அமைத்து இயங்கினர். இவை ஊக்கமளிக்கும் எடுத்துக்காட்டுகள். எனினும் அவை காட்டும் உண்மை வேறு. மொழியின் இலக்கிய வளமோ வாசகர் எண்ணிக்கையோ இங்கு அளவுகோல் அல்ல. அம்மொழியினர் பூட்டிவைத்த முதலே அளவுகோல். பங்குடையோர் அரிதான மொழியில் எழுதுபவர் இரண்டில் ஒன்றைத் தேர வேண்டும்: ஆங்கிலத்திற்கு மாறுதல் அல்லது ஊதியமின்றி எழுதுதல்.

நாணய மதிப்பும் சட்டமும்

2018 ஜனவரித் தொடக்கத்தில் ஸ்டீமின் விலை 8 டாலரைக் கடந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் அரை டாலருக்கும் கீழே சரிந்தது. அதே நவம்பரில் ஸ்டீமிட் நிறுவனம் தன் பணியாளர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினரை நீக்கியது. ஒரு டாலரை ஒட்டியிருக்க வேண்டிய ஸ்டீம் டாலரும் 2017 டிசம்பரில் 10 டாலருக்கு மேல் உயர்ந்து பின் வீழ்ந்தது. எழுத்தின் தரம் மாறவில்லை. அதற்குரிய ஊதியம் மட்டும் பன்மடங்கு மாறியது.

இந்தியப் படைப்பாளருக்குச் சட்டத்தின் நிலையாமையும் சேர்ந்துகொண்டது. கிரிப்டோ நாணயப் பரிமாற்றங்களுக்கு வங்கிகள் துணைபோவதை ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் தடைசெய்தது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. 2022 ஏப்ரல் 1 முதல் இத்தகைய சொத்துகளின் விற்பனை ஆதாயத்திற்கு 30 விழுக்காடு வரி நடைமுறைக்கு வந்தது. வாங்கிய விலை தவிர வேறு செலவைக் கழிக்கவோ, ஒன்றின் இழப்பை மற்றொன்றின் ஆதாயத்தில் ஈடுகட்டவோ இயலாது. வெகுமதி நாணயத்தை விற்கும் எழுத்தாளரும் முதலீட்டாளருக்குரிய விதிகளுக்கே உட்படுகிறார்.

ஆளுகை: 2020ஆம் ஆண்டின் பாடம்

‘சாட்சிகள்’ எனப்படும் முதன்மையான 20 இயக்குநர்கள் ஸ்டீமை நடத்தினர். அவர்களும் பங்குவழி வாக்காலேயே தேர்ந்தெடுக்கப்பட்டனர். 2020 பிப்ரவரியில் டிரான் நிறுவனர் ஜஸ்டின் சன் ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கினார். அந்நிறுவனம் தொடக்கத்திலேயே ஈட்டிவைத்திருந்த பெரும்பங்கும் அவர் கைக்குச் சென்றது. அப்பங்கு வாக்களிப்பில் பயன்படுவதைத் தடுக்க அன்றைய சாட்சிகள் அதனை முடக்கினர். மார்ச் 2 அன்று பைனான்ஸ், ஹூவோபி, போலோனியெக்ஸ் ஆகிய சந்தைகளில் வாடிக்கையாளர்கள் வைத்திருந்த நாணயங்கள் வாக்குகளாக மாற்றப்பட்டு, புதிய சாட்சிகள் அமர்த்தப்பட்டனர். கடும் எதிர்ப்பு எழுந்தபின் பைனான்ஸும் ஹூவோபியும் தம் வாக்குகளைத் திரும்பப் பெற்றன.

மார்ச் 20 அன்று சமூகத்தின் ஒரு பகுதி பிரிந்து ஹைவ் என்னும் புதிய பிளாக்செயினைத் தொடங்கியது. ஸ்டீமிட் நிறுவனத்தின் பங்கு அங்கு கொண்டுசெல்லப்படவில்லை. மே 20 அன்று ஸ்டீமில் நடந்த விதிமாற்றம் 64 கணக்குகளிலிருந்த ஏறத்தாழ 2.36 கோடி ஸ்டீம் நாணயங்களைப் பறித்தது. எவராலும் பறிக்கவியலாத உடைமை என்னும் வாக்குறுதி, பெரும்பான்மைப் பங்கின் முன் நிலைக்கவில்லை. எந்தப் பக்கத்தில் நியாயம் இருந்தது என்னும் வழக்கிலும் முதன்மையானது ஒன்றுண்டு: இந்நிகழ்வுகள் எதிலும் படைப்பாளர் என்ற தகுதிக்கு வாக்கு இருக்கவில்லை.

மதிப்பீடு

இத்தளங்களின் ஆக்கப் பயன்களை மறுக்க இயலாது. விளம்பரமின்றி எழுத்துக்குப் பொருள் கிடைத்தது. ஒவ்வொரு வாக்கும் எவர் அளித்தது என்பது எவரும் காணத் திறந்திருந்தது. வாக்கு வணிகம் விவாதத்துக்கு வந்ததே இந்த வெளிப்படைத்தன்மையால்தான். கியூரி போன்ற தன்னார்வக் குழுக்கள் கவனிக்கப்படாத புதியவர்களின் பதிவுகளைத் தேடிப் படித்து, தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பங்கைக் கொண்டு அவற்றுக்கு வாக்களித்தன. வாக்கு வணிகம் பயன்படுத்திய அதே ஒப்படைப்பு வசதியைத்தான் இக்குழுக்களும் பயன்படுத்தின. வேறுபாடு கருவியில் இல்லை. வாக்குக்கு முன் ஒரு மனிதர் படித்தாரா என்பதில் இருந்தது.

தமிழ்ப் புரவலர் மரபு இவ்வேறுபாட்டை நன்கு அறிந்தது. பெருஞ்சித்திரனாரை நேரில் காணாமல் அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் அனுப்ப, புலவர் அதனை ஏற்க மறுத்ததைப் புறநானூற்றின் 208ஆம் பாடல் கூறுகிறது. தகுதியை அறிந்து தருவது மிகச் சிறிதாயினும் இனிது என்பது அவர் நிலைப்பாடு. பரிசிலின் அளவு அங்கு வழக்கன்று. புலமையை அறியாமல் தந்ததே வழக்கு. நிரல் அளிக்கும் வாக்கிலும் நிகழ்வது அதுவே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. புலவரால் மறுக்க முடிந்தது. அவர் செல்ல வேறு புரவலர் இருந்தனர். வெகுமதித் தளத்தின் படைப்பாளருக்கோ, தம்மைப் படித்து அளித்த வாக்கு எது, படியாமல் விழுந்த வாக்கு எது என்பதையே பிரித்தறிய வழியில்லை.

முடிவுரை

ஸ்டீமிட்டின் விதிகள் திரும்பத் திரும்பத் திருத்தப்பட்டன. பங்கின் கணக்கீடு, பகிர்வு விகிதம், எதிர்வாக்கு ஆகிய அனைத்தும் மாறின. பங்குடையவரே தீர்ப்பளிப்பவர் என்னும் அடிப்படை மட்டும் மாறவில்லை. ஆகவே ஒவ்வொரு திருத்தமும் ஓர் இடரை மற்றோர் இடமாற்றியது. போலிக் கணக்குகளைத் தடுத்துக்கொண்டே வாசகரின் தீர்ப்புக்கு எடை தரும் முறை கண்டறியப்படாத வரையில், இவ்வகைத் தளங்கள் எழுத்தாளருக்கு ஊதியம் தருவன என்பதைவிட, முதலீட்டாளரின் ஆதாயத்தில் எழுத்தாளருக்கும் சிறிது கசியவிடுவன என்பதே பொருந்தும். புதிய வெகுமதித் தளங்களை மதிப்பிடும் ஆய்வாளர்கள், எவ்வளவு வழங்கப்படுகிறது என்று கேட்பதற்கு முன், வழங்குபவர் படித்தாரா என்று கேட்பது பயன்தரும்.