பாடநூலில் ஒரு முயலும் ஒரு பூனையும்

உயிரியல் பாடநூல்களில் சூழ்நிலையியல் பகுதியைப் புரட்டியவர்கள் அந்தப் படத்தைக் கண்டிருப்பீர்கள். இரண்டு வளைகோடுகள். ஒன்று கனடா நாட்டுப் பனிமுயலின் எண்ணிக்கை. மற்றது அதைக் கொன்று தின்னும் லிங்க்ஸ் என்ற காட்டுப்பூனையின் எண்ணிக்கை. ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை முயல் பெருகுகிறது, பின்னாலேயே பூனை பெருகுகிறது, முயல் குறைகிறது, பூனையும் குறைகிறது. லோட்கா (1925), வோல்ட்டெரா (1926) ஆகியோரின் சமன்பாடுகளுக்கு இதுவே சான்று என்று பல நூல்கள் கூறுகின்றன.

நான் இயற்பியல் ஆசிரியன். விலங்கியல் மாணவர் ஒருவர் இப்படத்தைக் காட்டி, "சார், இது ஊசல் ஆடுவது போலத்தானே?" என்று கேட்டார். விடை தேடியபோதுதான் படத்தில் குறை தெரிந்தது.

பூனை இல்லாவிட்டால் முயல் எல்லையின்றிப் பெருகும். முயல் இல்லாவிட்டால் பூனை தேய்ந்து மறையும். இரண்டின் எண்ணிக்கைகளையும் பெருக்கினால் வரும் தொகைக்கேற்ப முயல் சாகும், பூனை பெருகும். சமன்பாடுகள் சொல்வது இவ்வளவே. இவற்றின் தீர்வு அலைவுதான். ஆனால் அது உராய்வே இல்லாத ஊசலின் அலைவு. எந்த வீச்சில் விட்டோமோ அதே வீச்சில் ஆடும். ஒரு காட்டுத்தீ வந்து தட்டிவிட்டால் வீச்சு மாறும், அலைவு நேரமும் மாறும். பழைய நிலை தானாகத் திரும்பாது. உண்மைக் காடோ எத்தனையோ இடர்களுக்குப் பிறகும் தன் பத்தாண்டுக் கணக்கை ஏறத்தாழக் காத்து வருகிறது.

சான்றும் உறுதியானதன்று. அந்த வளைகோடுகள் ஹட்சன் விரிகுடாக் கம்பெனியின் தோல் வணிகக் கணக்கிலிருந்து வந்தவை. காட்டில் இருந்த விலங்குகளை யாரும் எண்ணவில்லை. 1973இல் கில்பின் என்ற அமெரிக்க அறிஞர் அக்கணக்கைச் சமன்பாட்டில் பொருத்திப் பார்த்தார். முயல்தான் பூனையைத் தின்றிருக்க வேண்டும் என்று விடை வந்தது!

பிறகு யூக்கான் பகுதியிலுள்ள குளுவானியில் 1986 முதல் 1994 வரை சோதனை நடந்தது. வேலி போட்டுக் கொன்றுண்ணிகளைத் தடுத்த இடத்தில் முயல்கள் இரு மடங்காயின. தீனி கூட்டிய இடத்தில் மும்மடங்காயின. இரண்டையும் சேர்த்துச் செய்த இடத்தில் பதினொரு மடங்காயின. முயலின் தீனிக்குச் சமன்பாட்டில் இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் சமன்பாடு வீணா? இல்லை. அது பிறந்த கதையே வேறு. முதல் உலகப்போரின்போது ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடிப்பு குறைந்தது. அப்போது வலையில் சுறா போன்ற கொன்றுண்ணி மீன்களின் விகிதம் கூடியிருந்ததைத் தாங்கோனா என்ற உயிரியலார் கண்டார். காரணத்தை வோல்ட்டெரா கணக்கிட்டுச் சொன்னார். இரையையும் கொன்றுண்ணியையும் ஒருசேர அழித்தால் சராசரியில் இரை கூடும், கொன்றுண்ணி குறையும். அழிப்பதைக் குறைத்தால் இது தலைகீழாகும்.

இந்த இரையின் இடத்தில் நெல்வயலின் புகையானையும், கொன்றுண்ணியின் இடத்தில் அதைத் தின்னும் சிலந்தியையும் வையுங்கள். பூச்சிமருந்து இரண்டையும் கொல்கிறது. பிறகு பெருகுவது எது? இந்தோனேசியா பட்டறிந்து கற்றது. 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது.

நூலாசிரியர்களைப் பழிப்பது என் நோக்கமன்று. படத்தை வரைந்து மாணவர் மதிப்பெண் வாங்கிவிடுகிறார். தந்தையின் வயலுக்கு உதவும் பாடமோ விட்டுப்போகிறது. அடுத்த பதிப்பிலாவது முயலின் பக்கத்தில் புகையானுக்கும் ஓர் இடம் கொடுங்கள்.