மூலமும் அடிக்குறிப்பும்
கிறிஸ்தவ இறுதிநாள் விளக்கங்களைப் பற்றி ஒரு திறனாய்வு

1844 ஆம் ஆண்டு அக்டோபர் 22. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் பல்லாயிரம் மக்கள் அன்று வானத்தையே நோக்கியிருந்தனர். உழவர் சிலர் விளைந்த பயிரை அறுக்காமல் நிலத்திலேயே விட்டிருந்தனர். அன்றைய தினம் ஈசா நபி (அலை) அவர்கள் மேகத்தின்மீது இறங்கி வருவார்கள், உலகம் முடிவெய்தும் என்பது அவர்களுடைய உறுதியான நம்பிக்கை. நள்ளிரவு கடந்தது, மறுநாள் பொழுதும் புலர்ந்தது. கிறிஸ்தவ வரலாற்றாசிரியர்கள் அந்த நாளைப் 'பெரும் ஏமாற்றம்' என்றே பெயரிட்டு எழுதுகின்றனர்.

இதைப் படித்து நகைப்பது எளிது. நான் நகைப்பதற்காக இதை எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நாளைக் குறித்துக் கொடுத்த வில்லியம் மில்லர் என்பவர் ஏமாற்றுக்காரர் அல்லர். நியூயார்க் மாநிலத்து உழவர். 1812 ஆம் ஆண்டுப் போரில் படைத்தலைவராயிருந்தவர். வேத வெளிப்பாட்டையே ஏற்காத கொள்கையில் சில காலம் நின்று, பின்னர் பக்தியின் பக்கம் திரும்பியவர். பைபிளையும் ஒரு சொல்லடைவையும் மட்டுமே துணையாக வைத்துக்கொண்டு வசனத்துக்கு வசனம் ஒப்பிட்டு ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். அவருடைய நேர்மையில் பழுது இல்லை. முறையில்தான் பழுது இருந்தது. அந்த முறை அவரோடு முடிந்துவிடவுமில்லை. ஆகவேதான் அதைச் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

அவர் பற்றிக்கொண்டது தானியேல் ஆகமத்தின் எட்டாம் அதிகாரம். அங்கே ஓர் ஆட்டுக்கடாவும் ஒரு வெள்ளாட்டுக்கடாவும் பொருதுகின்றன. பிறகு ஒரு சின்னக் கொம்பு முளைத்துப் பரிசுத்த தலத்தை மாசுபடுத்துகிறது. 2300 இராப்பகல் சென்றபின் அத்தலம் தூய்மையாகும் என்று சொல்லப்படுகிறது. இதற்குப் பொருள் சொல்ல அங்கே வருபவர் வேறு யாருமல்லர், ஜிப்ரீல் (அலை) அவர்களே. ஆட்டுக்கடா மேதிய பாரசீக அரசர், வெள்ளாட்டுக்கடா கிரேக்க அரசர் என்று அவர்களே விளக்கிவிடுகிறார்கள். கிரேக்க மரபில் வந்த நான்காம் அந்தியோக்கஸ் கி.மு. 167 இல் பைத்துல் முகத்தஸ் ஆலயத்தை மாசுபடுத்தியதும், கி.மு. 164 இல் மக்கபேயர் அதை மீட்டுத் தூய்மை செய்ததும் வரலாறு. 2300 இராப்பகல் என்பதை மாலைப் பலியும் காலைப் பலியுமாகப் பிரித்து 1150 நாள் என்று கொள்ளும் அறிஞரும் உளர். அது ஏறத்தாழ அந்த மூன்றாண்டுக் காலத்தோடு பொருந்தி வருகிறது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டிலேயே போர்ஃபிரி என்ற தத்துவவாதி இந்நூல் அந்தியோக்கஸின் காலத்தில் எழுதப்பட்டதே என்று வாதித்தார். அவரை மறுத்து ஜெரோம் ஒரு விரிவுரையே எழுத நேர்ந்தது. ஆயினும் இந்தத் தரிசனம் முடிவுகாலத்துக்குரியது என்ற சொல்லும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. நியாயமாகப் பேச வேண்டுமானால் அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த ஒரு சொல்தான் பின்னாளில் வந்தவர்களுக்கெல்லாம் வாயிலைத் திறந்துவிட்டது.

மில்லர் அந்த வாயில் வழியே நுழைந்தார். தீர்க்கதரிசனத்தில் ஒரு நாள் என்பது ஓர் ஆண்டு என்று கொண்டார். இது அவர் கண்டுபிடித்ததன்று. எண்ணாகமத்திலும் எசேக்கியேலிலும் நாளுக்கு ஆண்டைக் கணக்கிட்ட ஓரிடம் உண்டு, அவற்றைப் பொதுவிதியாக்கியவர்கள் அவருக்கு முன்பே இருந்தனர். ஆனால் ஓரிடத்தில் வெளிப்படையாகச் சொல்லப்பட்ட ஒரு நிகர்மையைச் சொல்லப்படாத இடத்துக்கு எந்த ஆதாரத்தால் கொண்டு செல்வது? நம்முடைய உஸூல் படித்த மாணவன் இதைக் கேட்காமல் விடமாட்டான். இல்லத்து எது, கியாஸ் எப்படி நிற்கிறது என்பான். மில்லர் கேட்கவில்லை. பாரசீக மன்னர் அர்தசஷ்டாவின் கட்டளை பிறந்த கி.மு. 457 இலிருந்து 2300 ஆண்டுகளை எண்ணினார்; 1843 வந்தது. அந்த ஆண்டு ஒன்றும் நிகழாமற் போகவே, கி.மு.வுக்கும் கி.பி.க்கும் இடையே சுழியம் ஆண்டு இல்லை என்பது நினைவுக்கு வந்தது, 1844 ஆயிற்று. அவரைப் பின்பற்றிய ஸ்நோ என்பவர் யூதரின் பாவநிவாரண நாளைக் காராயிதரின் பஞ்சாங்கப்படி பார்த்து அக்டோபர் 22 என நாளையும் உறுதி செய்தார். அந்த நாளையும் நாழிகையையும் பிதாவைத் தவிர எவரும் அறியார், குமாரனும் அறியார் என்று இன்ஜீலில் அவர்களே ஓதி வருகிறார்களே என்று கேட்டவர்க்கு ஒரு விடை முன்பே ஆயத்தமாயிருந்தது: நாளும் நாழிகையும்தானே மறைக்கப்பட்டன, ஆண்டு மறைக்கப்படவில்லையே என்றனர்!

நாள் பொய்த்தபின் நிகழ்ந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. மறுநாள் காலை ஹைரம் எட்சன் என்பவர் சோளக்கொல்லை வழியே நடந்து போகையில், தூய்மையாக வேண்டிய தலம் பூமியிலன்று, வானத்தில் உள்ளது என்ற எண்ணம் அவருக்கு உதித்ததாம். நாள் சரி, இடந்தான் மாறிவிட்டது! 1863 இல் அமைப்பாக உருப்பெற்ற ஏழாம்நாள் அட்வெந்து சபை இந்த விளக்கத்தின்மீது நிற்கிறது. மில்லரோ தம் கணக்கு தவறியதை ஒப்புக்கொண்டு, வருகையை மட்டும் எதிர்பார்த்தவராகவே 1849 இல் மறைந்தார். இந்த இருவரில் மில்லரே என் மதிப்பில் உயர்ந்தவர்.

இனி நம்மை நேரே தொடும் பகுதிக்கு வருவோம். வெளிப்படுத்தின விசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் பாதாளக் குழியிலிருந்து வெட்டுக்கிளிகள் புறப்பட்டு ஐந்து மாதம் மனிதரை வதைக்கின்றன. பிறகு யூப்ரடீஸ் ஆற்றங்கரையிலிருந்து குதிரைப்படை கிளம்புகிறது. சீர்திருத்தக் கிறிஸ்தவ விரிவுரையாளர் பலர் இந்த வெட்டுக்கிளிகள் முஸ்லிம்களே என்று எழுதி வைத்தனர். ஐந்து மாதம் 150 நாள், ஆகவே 150 ஆண்டு. எலியட் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் பெருமானார் (ஸல்) அவர்களின் அழைப்புப் பணி வெளிப்பட்ட காலமாகக் கொண்டு கி.பி. 612 இல் தொடங்கிப் பக்தாத் எழுந்த 762 இல் முடித்தார். மில்லரின் தோழர் ஜோசையா லிச் என்பவரோ அதே 150 ஆண்டை 1299 ஜூலை 27 இல் உதுமானியரிடமிருந்து தொடங்கினார்! அதே வெட்டுக்கிளி ஒருவர் கையில் அரபியாகவும் மற்றவர் கையில் துருக்கியராகவும் 687 ஆண்டு இடைவெளியில் பறக்கிறது. லிச் 1449 இல் அதை முடித்து, குதிரைப்படைக்கு 391 ஆண்டும் 15 நாளும் சேர்த்து, 1840 ஆகஸ்டு 11 இல் உதுமானிய அரசு வீழும் என்று அறிவித்தார். இடையில் 1582 இல் போப் கிரிகோரி நாட்காட்டியைத் திருத்திப் பத்து நாளை நீக்கியதைப் பதினைந்து நாளை எண்ணிச் சேர்த்த அவர் எண்ணவில்லை. குறித்த நாளில் துருக்கித் தூதர் ஐரோப்பிய வல்லரசுகளின் இறுதி எச்சரிக்கையோடு அலெக்சாந்திரியாவில் முஹம்மது அலி பாஷாவிடம் வந்து சேர்ந்தார். அதையே வீழ்ச்சி என்று சொல்லிவிட்டனர். உதுமானிய சுல்தான் ஆட்சி நீக்கப்பட்டது 1922 நவம்பர் 1 இல் அன்றோ?

மார்ட்டின் லூத்தரின் வரலாறும் இதையொட்டியதே. 1522 இல் வெளிப்படுத்தின விசேஷத்தைப் பற்றி அவர் ஐயமே கொண்டிருந்தார். அதில் திருவாவியின் கையைத் தம்மால் காண இயலவில்லை என்ற கருத்தை முன்னுரையிலேயே எழுதினார். 1529 இல் துருக்கியர் வியன்னா நகரை முற்றுகையிட்டனர். 1530 இல் எழுதிய புது முன்னுரையில் அதே நூல் அவருக்குத் திருச்சபையின் வரலாறாகத் தெரிந்தது. நூல் மாறவில்லை; வாசலில் வந்து நின்ற படை மாறியிருந்தது.

கிறிஸ்தவ உலகம் முழுவதும் இப்படியே ஓதியது என்று நான் சொன்னால் அது அநியாயமாகும். ஆயிரம் ஆண்டு ஆட்சி என்பது எண்ணன்று, திருச்சபையின் காலம் முழுவதையும் குறிக்கும் உருவகம் என்று அகஸ்தீன் கூறியது பல நூற்றாண்டுகளுக்கு மேலைக் கிறிஸ்தவத்தின் பொதுக்கருத்தாயிருந்தது. வெளிப்படுத்தின விசேஷம் உரோமப் பேரரசின்கீழ் வதைபட்ட சபைகளுக்கு எழுதப்பட்ட ஆறுதல் மடல், மிருகம் என்பது அந்தப் பேரரசே என்று கொள்வோர் இன்றைய ஆய்வறிஞருள் மிகப் பலர். தீர்க்கதரிசனம் நிகழ்ந்தபின் விளங்குவதற்கே அளிக்கப்பட்டது, நாம் தீர்க்கதரிசிகளாவதற்கன்று என்ற கருத்தை ஐசக் நியூட்டனே எழுதியிருக்கிறார். அவரும் கணக்குப் போட்டவர்தாம் என்பது வேறு செய்தி.

ஆயினும் பொதுமக்களிடம் சென்றது அறிஞர் சொல் அன்று. ஜான் நெல்சன் டார்பி (1800–1882) என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு புதிய திட்டத்தை வகுத்தார். தானியேலின் எழுபது வாரங்களில் 69 முடிந்து, எழுபதாவது வாரம் இன்னும் வரவில்லை. இடையில் கடிகாரம் நின்றிருக்கிறது. மகா உபத்திரவத்துக்கு முன் விசுவாசிகள் மறைவாக எடுத்துக்கொள்ளப்படுவர் என்றார். நின்றுபோன கடிகாரம் என்பது மூலத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. இந்தத் திட்டத்தை வீடுதோறும் சேர்த்தது 1909 இல் ஆக்ஸ்ஃபோர்டு அச்சகம் வெளியிட்ட ஸ்கோஃபீல்டு பைபிள். அதில் வேதவசனம் மேலே, ஸ்கோஃபீல்டின் குறிப்பு அதே பக்கத்தின் அடியில்.

நம்முடைய மதரஸாக் கிதாபுகளிலும் ஒரே பக்கத்தில் மத்னும் ஷரஹும் ஹாஷியாவும் இருக்கின்றன. ஆனால் நடுவில் ஒரு கோடு இருக்கிறது; அந்தக் கோட்டை மதிக்கக் கற்பிக்க ஓர் ஆசிரியரும் இருக்கிறார். மத்னைச் சொன்னவர் யார், ஹாஷியா எழுதியவர் யார், இவருக்கும் அவருக்கும் எத்தனை நூற்றாண்டு என்று முதல் பாடத்திலேயே கேட்கப்படும். ஆசிரியர் துணையின்றி இல்லத்தில் தனித்திருந்து படித்த பக்தனுக்கு அடிக்குறிப்பும் வேதமாகிவிட்டது. எசேக்கியேல் 38 ஆம் அதிகாரத்தில் கோகு என்பவனைச் சொல்லுமிடத்தில் 'ரோஷ்' என்ற எபிரேயச் சொல் வருகிறது. அரபி படித்தவர்க்கு இச்சொல் அந்நியமன்று. நம் 'ரஃஸ்' என்பதன் உடன்பிறப்பு. தலை, தலைமை என்பது பொருள். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு இதை ஒரு பெயராகக் கொண்டது உண்மையே. ஜெரோம் தலை என்றே இலத்தீனில் பெயர்த்தார். ஸ்கோஃபீல்டின் குறிப்போ இங்கே இரஷ்யாவைக் காட்டியது. மேசேக் மாஸ்கோ ஆயிற்று, தூபால் தோபோல்ஸ்க் ஆயிற்று. அசீரியக் கல்வெட்டுகளிலேயே முஷ்கி, தபல் என்று அனதோலியாவில் வாழ்ந்த மக்கள் காணப்படுகின்றனரே என்பதை அந்தப் பக்கத்தில் யார் சொல்வது?

இந்த வரிசையில் 1970 இல் ஹால் லின்ட்சே எழுதிய 'மறைந்த மாபெரும் பூமிக்கோளம்' என்று பொருள்படும் நூல் அந்தப் பத்தாண்டில் அமெரிக்காவில் மிகுதியாக விற்ற நூல்களுள் முன்னணியில் நின்றது. பத்துக் கொம்பு மிருகம் ஐரோப்பியப் பொதுச்சந்தை. கோகு சோவியத்து ஒன்றியம். அத்திமரம் துளிர்ப்பது 1948 இல் இஸ்ரவேல் அமைந்தது. ஒரு தலைமுறை நாற்பது ஆண்டு ஆகையால் 1988 அளவில் முடிவு. 1981 இல் கிரேக்கம் சேர்ந்து பத்துக் கொம்பாயிற்று. 1986 இல் பன்னிரண்டாயிற்று. 1988 வந்து போயிற்று. 1991 இல் சோவியத்து ஒன்றியமே கலைந்தது. நூலாசிரியர் 2024 வரை வாழ்ந்து, நூல்கள் எழுதிக்கொண்டேயிருந்தார்.

கணக்குத் தவறுவதால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். 1948 ஐ வெறும் கடிகார முள்ளாக்கிய இந்த விளக்கத்தில் பலஸ்தீன மண்ணில் வாழும் மனிதருக்கு இடமில்லை. முஸ்லிமுக்கு மட்டுமன்று, அங்கே தலைமுறை தலைமுறையாகச் சிலுவை சுமக்கும் அரபுக் கிறிஸ்தவருக்கும் இடமில்லை. அதனாற்றான் 2006 ஆகஸ்டில் எருசலேமின் இலத்தீன், சிரியன், ஆங்கிலிக்கன், லூத்தரன் சபைத் தலைவர்கள் ஒன்றுகூடி இக்கொள்கையை மறுத்து அறிக்கை விடுத்தனர். நம் மேடைகளில் இந்த அறிக்கையைச் சொல்வோர் அரிது. 1969 ஆகஸ்டு 21 இல் ஓர் ஆஸ்திரேலியர் அல்-அக்ஸா பள்ளியில் தீ மூட்டினார். நூருத்தீன் ஸன்கீ செய்வித்து, ஸலாஹுத்தீன் அய்யூபீ கொணர்ந்து வைத்த மிம்பர் எரிந்தது. ஆலயம் எழுந்தாலன்றி வருகை இல்லை என்ற எண்ணம் அவரை ஆட்டியது. மனநலம் குன்றியவர் என நீதிமன்றம் கூறியது. ஆயினும் அவர் மனத்தில் அந்த எண்ணத்தை விதைத்தது அச்சில் வந்த விளக்கங்களே.

இங்கே நிறுத்திக்கொண்டால் வாசக நேயர்கள் மகிழ்வர். நான் நிறுத்த முடியாது. ஹிஜ்ரி 1400 முஹர்ரம் முதல் நாள், அதாவது 1979 நவம்பர் 20 இல், கஅபாவின் நிழலிலேயே ஒருவரை மஹ்தி என்று அறிவித்து ஆயுதத்தோடு ஹரமைக் கைப்பற்றியவர்கள் யார்? ஹதீஸ் ஓதியவர்களே; கனவுகளையும் நூற்றாண்டின் தொடக்கத்தையும் அடையாளமாக்கிக்கொண்டவர்களே. உலகின் எஞ்சிய ஆயுள் ஐந்நூறு ஆண்டு என்று இமாம் தபரீ (ரஹ்) பெயரால் சுஹைலீ எடுத்துரைத்த கணக்கையும், அது பொய்த்ததையும் இப்னு கல்தூன் முகத்திமாவில் பதிந்திருக்கிறார். ஹிஜ்ரி 898 இல் இமாம் ஸுயூத்தீ (ரஹ்) அவர்கள், ஆயிரம் ஆண்டோடு இந்த உம்மத்து முடியும் என்றோரை மறுக்கப் புகுந்து, தாமே 1500 என்று ஓர் எல்லை வைத்தார்கள். அதற்கு இனி அரை நூற்றாண்டளவே இருக்கிறது. கணக்கர்களுக்கு வேலை மிகும். இத்தனைக்கும், தானியேலுக்கு விளக்கம் சொன்ன அதே ஜிப்ரீல் (அலை) அவர்கள் பெருமானார் (ஸல்) அவர்களிடம் அந்த வேளையைப் பற்றிக் கேட்டபோது, கேட்பவரைவிடக் கேட்கப்பட்டவர் அதிகம் அறிந்தவரல்லர் என்ற விடையே கிடைத்தது என்பதை நம் பிள்ளைகள் சிறுவயதிலேயே ஓதுகிறார்கள்.

1990 ஆகஸ்டில் ஈராக்கின்மீது பொருளாதாரத் தடை வந்தது. நான் அப்போது அரபிக் கல்லூரியில் ஸஹீஹ் முஸ்லிம் ஓதிக்கொண்டிருந்தேன். ஈராக்குக்கு அதன் திர்ஹமும் அளவையும் தடுக்கப்படும் என்ற ஹதீஸின் ஓரத்தில் அன்றிரவே பென்சிலால் '1990' என்று எழுதிவிட்டேன். அடுத்த வெள்ளியன்று ஒரு சிற்றூர்ப் பள்ளியில் அதைப் பயானாகவும் செய்தேன், பெரியவர்கள் அழுதார்கள். செய்தி எங்கள் ஹஜ்ரத் அவர்களுக்கு எட்டியது. அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. கிதாபைக் கொண்டுவரச் சொல்லி, இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ஷரஹை உரக்க வாசிக்கச் சொன்னார்கள். அந்த இடத்தில் இமாமவர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட பொருளைச் சொல்லியிருந்தார்கள். "ஆறேழு நூறு வருஷத்துக்கு முந்திய இமாமுக்கு ஒன்று போதவில்லை, உனக்கு எப்படியப்பா ஒன்றே போதுமாயிற்று?" என்று கேட்டு, ரப்பரை என் பக்கம் நகர்த்தினார்கள். அழித்தேன். பென்சிலை அழுத்தி எழுதியிருந்தபடியால் தாளில் தடம் இருக்கிறது. மாணவர்க்கு அந்தப் பாடம் நடத்தும்போது இன்றும் கண்ணில் படுகிறது.